மூன்று கோடைக்குப் பொறுப்பு

(அந்தியூரில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பொது நிலங்களைக் காப்பதில் இளைஞர்களும் அரசுத் திட்டங்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் யாராக இருந்தாலும், "இளைஞர்களே, எழுந்து வாருங்கள், மரம் நடுங்கள்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. இளைஞர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூப்பிட்ட இடத்துக்கு வருகிறார்கள், கொடுத்த மம்பட்டியைப் பிடிக்கிறார்கள், வெயிலில் நிற்கிறார்கள். அப்படி வந்தவர்களை ஒரு நிலத்தோடு சேர்த்து, மூன்று கோடைக்காவது அங்கேயே நிறுத்தி வைக்கிற ஏற்பாடு நம்மிடம் இல்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது, பிள்ளைகளிடம் இல்லை. இன்றைக்கு நான் பேசப்போவது இதைத்தான்.

எந்த நிலம்?

அந்தியூர்க் கடைவீதியைத் தாண்டி நின்று வடக்கே பார்த்தால் மலை தெரிகிறது. அந்தியூர், பர்கூர், தட்டக்கரை, சென்னம்பட்டி என்று வனச்சரகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் உள்ள இந்தக் காடுகளில் சுமார் 80,000 ஹெக்டேரைத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆக்கப்போவதாக 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு சொன்னது. அடுத்த ஆண்டு அது அரசாணையாக வந்தது. தமிழ்நாட்டின் 18-ஆவது வனவிலங்குச் சரணாலயம் இது. ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், கர்நாடக எல்லைக்கு அப்பால் மாதேஸ்வரன் மலைச் சரணாலயம், இன்னொரு பக்கம் காவிரிச் சரணாலயம். நாம் கோடு போட்டு நான்கு பெயர் வைத்திருக்கிறோம். யானைக்கு எல்லாம் ஒரே காடு.

மலை இறங்கினால் வரட்டுப்பள்ளம் அணை. 33.46 அடி உயரம். பெரிய அணைகளுக்கு முன்னால் சின்னக் குழந்தை. ஆனால் மலையில் நாலு நல்ல மழை பெய்து அது நிரம்பி வழிந்தால், கெட்டிசமுத்திரம் ஏரிக்குத் தண்ணீர் வரும். அது நிரம்பினால் அந்தியூர்ப் பெரிய ஏரி. அதற்கும் கீழே வேம்பத்தி, ஆப்பக்கூடல் ஏரிகள் வரை போகும். ஆக, மலையில் நிற்கிற மரமும் ஆப்பக்கூடல் பக்கத்துக் கிணற்றில் ஊறுகிற தண்ணீரும் ஒரே கணக்கில் வரவு செலவு.

இந்த ஏரிகளின் கரை, நீர்வரத்து வாய்க்கால், பள்ளத்தின் இரு ஓரம், மேய்ச்சல் புறம்போக்கு, மலைமேல் காப்புக்காடு ஆகிய இவ்வளவும் நம் எல்லாருடைய சொத்து. காடு வனத்துறையிடம். ஏரி நீர்வளத் துறையிடம் அல்லது ஊராட்சி ஒன்றியத்திடம். புறம்போக்கு வருவாய்த் துறையிடம். ஒரு வாய்க்காலின் தலைமாடு ஒரு துறை, கால்மாடு இன்னொரு துறை. இதில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஐம்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் முள் வெட்ட வேண்டுமென்றால், எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று கண்டுபிடிப்பதற்கே பாதிப் பருவம் போய்விடும். அனுமதி வருகிறபோது தேர்வு வந்துவிடும்.

ஒரு வருடம் ஏழு நாளான கதை

நாட்டு நலப்பணித் திட்டம் எங்கிருந்து வந்தது என்று இங்கே இருக்கிற மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய குறை அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

சுதந்திரம் வாங்கிய கையோடு, படித்த பிள்ளைகள் கொஞ்ச காலம் கிராமத்தில் உழைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1959-இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகிற மாணவர்கள் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை நாட்டுப்பணி செய்ய வேண்டும், அது கட்டாயமாகவே இருக்கட்டும் என்று அந்தக் குழு சொன்னது. யோசித்துப் பாருங்கள், ஒரு முழு வருடம்! ஆடி, ஐப்பசி, தை, சித்திரை என்று எல்லாப் பருவத்தையும் ஒரே ஊரில் இருந்து பார்த்துவிடலாம். பணத்துக்கு எங்கே போவது, எப்படி நடத்துவது என்று அது கிடப்பில் போய்விட்டது. அடுத்த ஆண்டு கே. ஜி. சையிதைன் பல நாடுகளின் இளைஞர் பணி முறைகளை ஆராய்ந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பம் உள்ளவர்களை வைத்துத் தொடங்கலாம் என்றார். கோத்தாரி கல்விக் குழுவும் மாணவர்களின் சமூகப்பணியைத் தன் வழியில் வலியுறுத்தியது. கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இதைத் தொடங்கி வைத்தார்.

நாளடைவில் வந்து நின்ற கணக்கு இது: ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். 120 மணி என்பது நம் தோட்டத்துக் கூலிக் கணக்கில் பதினைந்து ஆள்நாள். பல ஆண்டுகளாக அரசு இதற்குக் கொடுத்து வந்தது ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 250 ரூபாயும், முகாமுக்கு 450 ரூபாயும். ஏழு நாளைக்கும் சேர்த்துத்தான் 450. சாப்பாட்டுக்கே பற்றாது. அதை வைத்துக்கொண்டு முகாம் நடத்திக் காட்டிய திட்ட அலுவலர்களுக்கு நாம் கும்பிடு போடத்தான் வேண்டும்.

நான் இந்தத் திட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ரத்ததானத்துக்கும், வெள்ளத்தில் உணவுப் பொட்டலம் கொடுக்கவும், முதியோருக்கு எழுத்தறிவிக்கவும் 120 மணி நேரத்தில் எவ்வளவோ செய்யலாம். மாணவர்கள் செய்தும் இருக்கிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுக ஒரு கோடி பனைவிதை நடும் பணியிலும், 2024-இல் ஒகேனக்கல் தொடங்கிப் பூம்புகார் வரை காவிரியின் இரு கரையிலும் பனைவிதை நட்டதிலும் இந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். பனையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. விதையைப் புதைத்துவிட்டு வந்தால், தண்ணீர் ஊற்றாமலே பிழைத்துக்கொள்ளக்கூடியது அது. ஏழு நாள் முகாமுக்கு ஏற்ற மரம் என்று தேடினால் பனைதான் கிடைக்கும். வேங்கையும் நீர்மருதும் இலுப்பையும் அப்படி இல்லைங்க. அவற்றுக்கு ஆள் வேண்டும்.

பருவம் தப்பிய முகாம்

நம் ஊருக்கு மழை எப்போது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற விவசாயிகளைக் கேளுங்கள். ஆடியில் காற்றடிக்கும், தூறும். மண் நனைந்து, குழி குடித்து, வேர் இறங்குகிற மழை புரட்டாசி, ஐப்பசியில். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் நமக்கு மிச்சத்தை அனுப்புகிறது. ஆனால் மரம் நடும் விழா எப்போது? ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பாலக்காட்டுக்கு அப்பால் அது நல்ல நாள். அந்தியூருக்கு அது வைகாசி வெயில்.

அடுத்து, சிறப்பு முகாம். பல கல்லூரிகளில் அது தை கழிந்து, மாசி, பங்குனியில் நடக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-க்குள் முடிய வேண்டும், பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஆக, மழையெல்லாம் முடிந்து, தரை வெடிக்கத் தொடங்குகிற நேரத்தில் நாம் குழி தோண்டுகிறோம். படம் எடுக்கிறோம். சான்றிதழ் கொடுக்கிறோம். அந்தியூர் ஆடிச் சந்தையில் ஒரு பர்கூர் மாட்டுக் கன்றை வாங்கிவந்து கட்டுத்தறியில் கட்டி, ஏழு நாள் தண்ணி காட்டிவிட்டு, எட்டாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குப் போகிறவனை நாம் என்ன சொல்வோம்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஏரிக்கரையில் 500 கன்று நட்டிருக்கிறோம் என்று வையுங்கள். கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் என்றால் 5,000 லிட்டர். டிராக்டர் டேங்கர் ஒரு நடை. வாரம் இரண்டு நடை என்றால், மாசி முதல் வைகாசி வரை நான்கு மாதத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நடை. இதை மூன்று கோடைக்குச் செய்ய வேண்டும். அதற்குள் ஆடு கடிக்காமல் முள் கட்ட வேண்டும், களை எடுக்க வேண்டும், செத்த குழியில் மறு நடவு செய்ய வேண்டும். டேங்கர் வாடகையும் ஆள்கூலியும் கூட்டிப் பார்த்தால், கன்றின் விலை அதில் ஒரு ஓரம். கன்றுக்கு நிதி ஒதுக்குகிறார்கள். தண்ணீர் வண்டிக்கும் அதன் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இளைஞனுக்கும் ஒதுக்குகிற தலைப்பு எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது?

உண்ணிச்செடியைப் பிடுங்குவது எப்படி?

மலைக்கு வருவோம். பர்கூர் சாலையில் ஏறும்போது இரு பக்கமும் சிவப்பும் மஞ்சளும் கலந்து அழகாகப் பூத்திருக்குமே, உண்ணிச்செடி, அதுதான் நம் காட்டின் தலைவலி. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் பூங்காச் செடியாக வந்தது. பறவை பழத்தைத் தின்று விதையைப் போட்டது. இன்று நாடு முழுக்கக் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. அது அடைத்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மானும் மாடும் காட்டெருமையும் எதைத் தின்னும்?

"மாணவர்களை விட்டு வெட்டிவிட்டால் போச்சு" என்று சொல்வார்கள். வெட்டினால் போகாது. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து நாலாகக் கிளைத்து வரும். தீ வைத்தாலும் வேர் சாகாது. டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவர் குழுவும் இதற்கு ஒரு முறையைப் பழக்கினார்கள். செடியின் அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தரைக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். முழுச் செடியையும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். வானத்தைப் பார்த்திருந்தால் காய்ந்துவிடும். இதை அது காய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். இவ்வளவும் முதல் வருட வேலை. அடுத்த மழைக்கு மண்ணில் கிடந்த விதையெல்லாம் முளைக்கும். பறவைகள் வந்து உட்காருகிற மரத்தடியில் கூடுதலாக முளைக்கும். அதைக் கையாலேயே பிடுங்கிவிடலாம், ஆனால் வருடா வருடம் பிடுங்க வேண்டும். கூடவே உள்ளூர்ப் புல்விதை போட்டு வைத்தால்தான் அந்த இடம் திரும்பக் காடாகும்.

இதில் ஒரு வருடம் விட்டுப்போனாலும் பழையபடிதான். முதல் வருடம் நூறு பேர் வந்து ஆரவாரமாக வெட்டிவிட்டு, இரண்டாம் வருடம் யாரும் வரவில்லை என்றால், அந்த நூறு பேரும் வராமலே இருந்திருக்கலாம். செடி தெரிந்தவர்கள் பத்துப் பேர் ஐந்து வருடம் அங்கே இருப்பதுதான் காட்டுக்குப் பயன்.

பிள்ளைகளை வைத்துச் செய்யவே கூடாத வேலைகளும் உண்டு. வருடா வருடம் மலைப்பாதையில் மது பாட்டில் பொறுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 2022-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. அந்தப் பத்து ரூபாய், காட்டுக்குள் பாட்டில் விழுவதையே தடுக்கிற ஏற்பாடு. ஒரு நல்ல விதி செய்ய வேண்டிய வேலையை இளைஞர்களின் முதுகில் ஏற்றக் கூடாது. அதே போல, பயிற்சி இல்லாதவர்களைக் கோடைக் காட்டுக்குள் விடவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அது ஆர்வத்துக்கு நாம் கொடுத்த விலை.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

இளைஞர்களைப் படையாகத் திரட்டி நிலத்தைக் காத்த முன்னுதாரணம் என்றால் உலகமே காட்டுவது அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டைத்தான். பொருளாதாரம் படுத்துவிட்டது; வேலையில்லாத இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்த மாதமே சட்டம் கொண்டு வந்து ஒரு காடு காக்கும் படையைத் தொடங்கினார். 18 முதல் 25 வயது இளைஞர்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். ஒரு முகாமுக்கு 200 பேர். ஆறு மாதம் சேர்ந்து, வேண்டுமானால் இரண்டு வருடம் வரை நீட்டிக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டில் சுமார் 30 லட்சம் பேர், 300 கோடி மரங்கள். இரவில் முகாமில் பள்ளிக்கூடம். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பல்லாயிரம் பேர் எழுத்துக் கற்றுத் திரும்பினார்கள்.

எண்ணிக்கையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு முகாமிலும் அந்தப் பகுதியின் காட்டை அறிந்த உள்ளூர் ஆட்கள் சிலரைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்தார்கள். நகரத்திலிருந்து வந்த பையனுக்குக் கோடரி பிடிக்கவும், மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்கவும் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். வெளியூர்க்காரன் வந்து நம் வேலையைப் பறிக்கிறான் என்ற வயிற்றெரிச்சலும் அதனால் அடங்கியது. அந்தப் படையில் குறைகளும் இருந்தன. பெண்களைச் சேர்க்கவில்லை. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாமில் வைத்தார்கள். போர் வந்ததும் 1942-இல் மூடிவிட்டார்கள். 2023-இல் அதே நாட்டில் பருவநிலைப் படை என்று புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். ஆட்சி மாறுகிற நேரத்தில் 2025 தொடக்கத்தில் அதுவும் முடிந்தது.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. முசோரி மலையைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் எலும்பும் தோலுமாக்கி வைத்திருந்தபோது, 1982 டிசம்பரில் பிரதேச ராணுவத்தின் 127-ஆவது சுற்றுச்சூழல் படைப்பிரிவை அங்கே அமைத்தார்கள். கார்வால் பகுதியின் ஓய்வுபெற்ற சிப்பாய்கள், அதே மலையின் மக்கள். சம்பளம் உண்டு, சீருடை உண்டு, ஆண்டுக்கணக்கில் அதே சரிவில் வேலை உண்டு. வெள்ளையாகத் தெரிந்த மலை மறுபடி பச்சையானது. அவர்கள் இளைஞர்கள் இல்லை என்று சொல்லலாம். நம் பாடம் வயதில் இல்லை. உள்ளூர் ஆள், மாதச் சம்பளம், ஒரே இடம் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் மலை திரும்பி வந்தது.

மலைமேல் இருப்பவர்கள்

அந்த மூன்றில் பாதி நம் மலையிலும் இருக்கிறது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் என்று வனத்துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் இளைஞர்களைச் சொல்கிறேன். பெரும்பாலும் பழங்குடிப் பிள்ளைகள். அரிசி, பருப்பைச் சுமந்துபோய்க் காட்டு முகாமில் சமைத்துத் தின்று, சரகம் முழுக்க நடந்து, தீ தெரிந்தால் முதலில் ஓடுகிறவர்கள். காலடித் தடத்தைப் பார்த்து எப்போது போன யானை என்று சொல்கிறவர்கள். நீண்ட காலம் வேலை பார்த்த ஒரு பகுதியினருக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. மற்றவர்கள் அடுத்த மாதச் சம்பளத்தையும் அடுத்த வருட வேலையையும் எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். 'இளைஞர் படை' என்று நாம் மேடையில் கனவு காண்பதை, பெயரில்லாமல் இவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

மலைமக்களுக்குக் காடு காக்க அழைப்பு வரும்போது கூடவே ஒரு பயமும் வருவதற்குக் காரணம் உண்டு. வீரப்பன் தேடுதல் நடந்த காலத்தில் இந்த மலைக்கு அரசு அனுப்பிய இளைஞர்கள் துப்பாக்கியோடு வந்த அதிரடிப்படையினர். அந்த நாட்களில் மலைப் பழங்குடிகளான சோளகர்கள் பட்டபாட்டைத்தான் ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' நாவலாக எழுதினார். 2004-இல் வீரப்பன் கதை முடிந்தது. பயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

இப்போது மேய்ச்சல் பிரச்சினை. பர்கூர் மாடு என்றால் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு, துடியான மாடு. காட்டில் பட்டி போட்டு அடைத்து மேய்த்து வளர்த்த இனம். பட்டி எருவுக்குக் கீழ்நாட்டு மஞ்சள் காடுகளில் எப்போதும் கிராக்கி. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. அடுத்த வருடமே நம் மலைக்குச் சரணாலய அறிவிப்பு வந்தது. மலையில் எதிர்ப்புக் கிளம்பியதில் என்ன ஆச்சரியம்? உரிமைகள் பாதிக்காது என்று அரசு சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் இருக்கிறது. அந்த உரிமை கையில் பட்டாவாகவும், சமூக உரிமைச் சான்றாகவும் வந்து சேர்ந்தால்தான் பேச்சு நம்பப்படும்.

இதை ஏன் இந்தத் தலைப்பில் கொண்டு வருகிறேன்? எல்லைக்கு அந்தப் பக்கம் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் ஒன்று சொல்வார்கள்: முன்பெல்லாம் பருவம் பார்த்துச் சருகுக்குச் சின்னத் தீ வைப்போம், உண்ணிச்செடி அடங்கியிருந்தது, அதைத் தடுத்த பிறகுதான் இப்படி மண்டியது என்று. அவர்கள் சொல்வதை ஆய்வாளர்களும் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நிலத்தை அறிந்தவனை வெளியே நிறுத்திவிட்டு, அறியாதவனைச் சான்றிதழ் கொடுத்து உள்ளே அனுப்பினால், அந்தத் திட்டம் யாரைக் காக்கும்?

இருப்பதை இணைத்தால் போதும்

தமிழக அரசு 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதம் ஆக்க வேண்டும் என்பது இலக்கு. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் படித்த இளைஞர்களை மாவட்டந்தோறும் நியமித்தார்கள். திட்டம் தீட்டவும் கண்காணிக்கவும் இவர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் கைகள் இருக்கின்றன. வேட்டைத் தடுப்புக் காவலர்களிடம் காட்டறிவு இருக்கிறது. நூறு நாள் வேலையில் நாற்றங்கால் போட்டுப் பழகிய பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கன்று பிழைக்குமா சாகுமா என்று அவர்களைப் போல யாருக்கும் தெரியாது. இந்த நாலு பேரும் ஒரே வாய்க்கால் கரையில் ஒன்றாக நின்று நான் பார்த்ததில்லை.

அதனால் நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, நிலத்தைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு அலகு என்பது நூறு மாணவர்கள். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு துண்டு நிலத்தைப் பத்து வருடத்துக்கு ஒப்படையுங்கள். உதாரணமாக, கெட்டிசமுத்திரம் ஏரிக்கும் பெரிய ஏரிக்கும் இடைப்பட்ட நீர்வரத்துப் பாதை. மூன்று துறையும் ஒரே ஒரு முறை கையெழுத்துப் போட்டால் பத்து வருடத்துக்கு அனுமதி மனு வேண்டாம். மாணவர் குழு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறும். போகிறவர்கள் வருகிறவர்களிடம் ஒரு பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்: எந்தக் குழியில் என்ன மரம், எது பட்டது, எங்கே முள் மறுபடி முளைக்கிறது என்று.

இரண்டாவது, பருவத்துக்கு வேலையை வையுங்கள். நடவு புரட்டாசி, ஐப்பசியில் மட்டும். மாசி, பங்குனி முகாமைக் கைவிட வேண்டாம். அப்போது மூடாக்குப் போடட்டும், தண்ணீர் ஊற்றட்டும், வாய்க்காலில் வேலிகாத்தானைத் தூரோடு எடுக்கட்டும். எந்த இடத்தில் மரமே நடக் கூடாது என்பதையும் கற்றுக்கொள்ளட்டும். ஏரியின் உள்வாயும் மேய்ச்சல் தரையும் மரம் வைக்கிற இடம் அல்ல. கொழுக்கட்டைப் புல் நிற்க வேண்டிய இடத்தில் புல்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது, சம்பளம் உள்ள ஒரு சிறு படை. சரணாலயத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து 18 முதல் 25 வயதுக்குள், ஆணும் பெண்ணும், பாதிப்பேர் மலைமேலிருந்து. முப்பது பேர் போதும், இரண்டு வருட ஒப்பந்தம். கற்றுக்கொடுக்க, அனுபவமுள்ள காவலர்களையும் சோளகப் பெரியவர்களையும் ஆசிரியர்களாக, ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு அமர்த்துங்கள். இரண்டு வருடம் முடித்தவர்களுக்கு வனக்காவலர் தேர்வில் முன்னுரிமை கொடுங்கள். காப்பீடும் காலணியும் முதல் நாளிலேயே கொடுங்கள். இலவச உழைப்பில் ஒரு நாள் விழா நடத்தலாம். கோடையைக் கடக்க முடியாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத ஏழைப் பிள்ளை தன்னார்வலராக வர முடியாது. அவனும் அவளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போவார்கள்; அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நான்காவது, கணக்கை ஊரார் முன்னால் படியுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. பங்குனி வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் அன்றைக்கு அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து, போன ஐப்பசியில் நட்டது இத்தனை, இன்று உயிரோடு இருப்பது இத்தனை என்று மாணவர்களே வாசிக்கட்டும். அறுபது செத்திருந்தால் அறுபது என்றே வாசிக்கட்டும். ஏன் செத்தது என்று மந்தையில் ஆடு மேய்க்கிற பெரியவர் எழுந்து சொல்வார். அந்தப் பதில் எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற ஆண்டும் உங்கள் கல்லூரியில் மரம் நடும் விழா நடக்கும். விருந்தினர் வருவார், தட்டில் கன்று நீட்டுவார்கள், இந்த வருடம் ஆயிரம் கன்று என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மரியாதையாகக் கையைத் தூக்குங்கள். "ஐயா, போன வருஷம் நட்டதில் இப்போது எத்தனை இருக்குதுங்க? இந்த ஆயிரத்துக்குச் சித்திரையில் தண்ணீர் ஊற்றுவது யாருங்க?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் குழியில் இறங்குங்கள். பதில் இல்லையென்றால், நூறு கன்று போதும் என்று சொல்லி, அந்த நூறுக்கு மூன்று கோடை வரை நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.